முதலில் கேட்டவர்

பிப்ரவரி 2

தங்கைக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். பதினோரு வருடம் இருந்துவிட்டேன். நடுவில் வருடத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை நீ போட்டாய், நானும் போட்டேன். இரண்டிலும் அச்சான வரிக்குக் கீழே வெறும் பெயர். அதைப் பேச்சு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நேற்று உன் சுற்றறிக்கை வந்தது. 'ஏழு காடு மறுபடியும் தொடங்குகிறது. இந்த முறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து அல்ல, தபாலில். யாருக்கு எந்தப் பிராணி என்று முடிவு செய்ய நியாயமான விதிகள் தேவை. மார்ச் இருபதுக்குள் எழுதி அனுப்பவும்.' நியாயம் என்று எழுதியிருக்கிறாய். எழுத்துப் பிழைகூட இல்லை.

எங்கள் பதிப்பகத்தில் யாரிடமும் நான் ஏழு காட்டைப் பற்றிச் சொன்னதில்லை. சட்டப் புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிற ஆள், ஒரு காலத்தில் ஞாயிறு மதியம்தோறும் ஐந்து பேருடன் உட்கார்ந்து, பிராணி பழக்குகிறவனாக வேடம் போட்டு, இல்லாத பிராணியைப் பிடித்து இல்லாத தீனி வைத்து வளர்த்தான் என்றால் நம்புவார்களா? ஆனால் வாரத்தில் நான் நானாக இருந்தது அந்த மூன்று மணி நேரம்தான். அதைத்தான் நீ எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தாய்.

உனக்கு மறந்திருக்கும். விதிப் புத்தகத்தில் ஆறாவது விதி: 'முதலில் கேட்டவருக்கே பிராணி.' ஆட்டத்தை நடத்துகிற நீ, மேசைக்கு அடியில் ஒளித்து ஏதாவது ஓசை எழுப்புவாய். எந்தப் பிராணி என்று காதால் கண்டுபிடிப்பவருக்கு அது. அன்றைக்கு நீ ஈர விரலைக் கண்ணாடித் தம்ளரின் விளிம்பில் ஓட்டினாய். மெல்லிய கீச்சு. சுவருக்குள் வாழும், நூல் போன்ற குரலுள்ள நூலான். இரண்டு வருடமாக நாங்கள் தேடிய பிராணி. எனக்குக் கேட்டது. எழுதி வைத்துவிட்டுச் சொல்லலாம் என்று நோட்டைத் திறந்தேன். அது என் பழக்கம். பேனா மூடியைக் கழற்றுவதற்குள் உன் வீட்டுக்காரர், அப்போது இன்னும் வீட்டுக்காரர் ஆகவில்லை, கையைத் தூக்கி, "அது எனக்கு வேணும்" என்றார். எது என்றுகூடச் சொல்லவில்லை. அது! நீயும் கொடுத்துவிட்டாய். "கேட்டவருக்குன்னுதானே இருக்கு, அவர் கேட்டுட்டாரே" என்று சிரித்தாய். காதால் கேட்பது வேறு, வாயால் கேட்பது வேறு. இது தெரியாமலா பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறாய்? நான் அவரைத் திருடன் என்று சொன்னேன். இன்றைக்கும் அந்தச் சொல்லைத் திருத்த எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

ஆகவே என் யோசனை. ஆட்டத்தை நடத்துகிறவரின் உறவுக்காரர் கடைசியாகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 'கேட்டவர்' என்ற சொல்லுக்குப் பொருள் விளக்கம் வேண்டும். இவற்றை ஏற்றால், அடியில் வகுத்தவர் என்று என் பெயர் இருக்க வேண்டும்.

இன்னொன்று. கைபேசியிலேயே ஆறு பேரும் முகம் பார்த்துப் பேசலாம் என்கிற காலத்தில் எதற்குத் தபால்?

இப்படிக்கு,
அண்ணன்


பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணா,

உறையின் மேல் உன் எழுத்தைப் பார்த்ததும், பள்ளியிலிருந்து வந்த காலோடு, பையைக்கூட இறக்காமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்து படித்தேன். நலமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் நலம். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? இன்னும் அந்த ஜன்னல் இல்லாத அறையில்தான் உட்காருகிறாயா?

உன் முதல் விதியைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். நடத்துகிறவரின் உறவுக்காரர் கடைசி என்றால், அரைப்புள்ளியாரே, நீயும் எனக்கு உறவுதான். சொந்தச் செலவில் நீயே வரிசையின் கடைசிக்குப் போய்விட்டாய்! உனக்கு அந்தப் பட்டப்பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது, என் பெயரும் மாறவில்லை. விதிப் புத்தகத்தில் நீ 'ஆட்ட நடத்துனர்' என்று போட்ட நாளிலிருந்து நான் எல்லோருக்கும் கண்டக்டர்தான். போன வாரம்கூட பேக்கரிக்காரர், "கண்டக்டர், ஏழு காட்டுக்கு ரெண்டு டிக்கெட்" என்றார். ஒன்று அவருக்கு, ஒன்று அவர் மனைவிக்கு. நர்ஸக்காவும் உண்டு. நாலாவது இடம் உனக்கு, ஐந்தாவது என் வீட்டுக்காரருக்கு. பழைய ஆட்கள் அப்படியே.

ஆனால் இப்போதே தகராறு. மூன்று பேரும் தலையில் தீ எரிகிற தீக்குடுமிதான் வேண்டும் என்கிறார்கள். "அடுப்பு பத்த வைக்கவாவது உதவும்" என்கிறார் பேக்கரிக்காரர். யாருக்குக் கொடுத்தாலும் மற்ற இருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அது எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பயம்.

உன் கடிதத்தை அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, மடிப்பு மாறாமல் மடித்துக் கொடுத்தார். "மச்சான் வரட்டும். நான் வரலை" என்றார். "ஏன்?" என்றேன். "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் திருடன்னார் இல்ல? நான் எதைத் தொட்டாலும் பாத்துக்கிட்டே இருப்பார்." "மேசையே இல்லையே, தபால்தானே" என்றேன். "அவர் தபால்லயும் பாப்பார்" என்கிறார்.

அண்ணா, அவர் விளையாட வேண்டும். எனக்கு அது ரொம்ப முக்கியம். அவர் இப்போது லிஃப்ட் வேலைக்குப் போவதில்லை. ஏன் என்று இதில் எழுத முடியவில்லை. எதற்குத் தபால் என்று கேட்டாயே, அதற்குப் பதிலும் அதற்குள்ளேதான் இருக்கிறது. யாரும் யாரையும் சந்தேகப்படத் தேவையில்லாத மாதிரி நீ ஒரு விதி எழுது. உன்னை விட்டால் வேறு யாருக்கு வரும்?

அன்புடன்,
உன் தங்கை


பிப்ரவரி 15

தங்கைக்கு,

முதுகு வலி இருக்கிறது. ஜன்னல் இல்லாத அறையும் இருக்கிறது. விசாரித்தாகிவிட்டதா?

உறவுக்காரர் விதியில் நீ காட்டிய ஓட்டையை ஒத்துக்கொள்கிறேன். அடித்துவிடு. என் வரைவில் ஓட்டை விழுவது வழக்கமில்லை, அவசரத்தில் எழுதியது.

தீக்குடுமி விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். முதலில் வந்த கடிதத்துக்கு முதலிடம் என்று மட்டும் வைத்துவிடாதே. பேக்கரி உன் தெருவிலேயே இருக்கிறது. என் கடிதம் உன்னிடம் வர ஐந்து நாள் ஆகிறது. யாருக்கு எந்தப் பிராணி என்று தபால்காரரின் சைக்கிள் தீர்மானிக்கக் கூடாது. ஆளுக்கு மூன்று பிராணி, விருப்ப வரிசையில் எழுதி, ஒட்டிய உறையில் வரட்டும். எல்லா உறையும் வந்த பிறகு ஒரே நாளில் நர்ஸக்கா பிரிக்கட்டும். நீ பிரிக்காதே. இரண்டு பேர் ஒன்றையே கேட்டிருந்தால், போன ஆட்டத்தில் விரும்பியதை இழந்தவருக்கு முன்னுரிமை. யாரை மனதில் வைத்து எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். மறைக்கவில்லை.

உன் வீட்டுக்காரர் மனம் மாறுவதற்கு நான் விதி எழுத வேண்டும். சரி. பதினோரு வருடத்தில் என் மனம் மாற யாராவது ஒரு வரி எழுதினீர்களா? கல்யாணத்துக்கு வந்து சாப்பிடாமல் போய்விட்டான் என்று உறவில் எல்லோரிடமும் சொன்னாயாம். ஏன் போனேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வாழ்த்துச் சொல்கிற வரிசையில் நானும் நின்றேன். என் முறை வந்ததும் அவர் பக்கத்தில் குனிந்து ஒரு வார்த்தை சொன்னேன். அதைச் சொல்லலாம் என்று மனதைத் தயார் செய்ய எனக்கு இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்துச் சிரித்துக் கை கொடுத்தார். என்ன வார்த்தை என்று கேட்காதே. அத்துடன் முடிந்தது.

அவர் ஏன் வேலைக்குப் போவதில்லை? எழுத முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ எழுதாமல் விட்ட இடத்தை நான் என்னென்னவோ வைத்து நிரப்பிக்கொண்டிருக்கிறேன். லிஃப்ட் வேலை என்றால் உயரம், கயிறு, மின்சாரம். எதுவாக இருந்தாலும் எழுது.

அண்ணன்


பிப்ரவரி 27

தங்கைக்கு,

பன்னிரண்டு நாள் ஆகிறது. கடிதம் வந்து சேர்ந்ததா? தபால்காரரிடம் தினமும் கேட்கிறேன். "உங்களுக்கு ஒண்ணும் இல்ல சார். நான் என்ன எடுத்து வெச்சுக்கிட்டா இல்லன்னு சொல்றேன்?" என்று இன்று எரிந்து விழுந்தார்.

என் கடிதத்தின் நகலை மறுபடி படித்தேன். நகல் வைத்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். 'விசாரித்தாகிவிட்டதா' என்ற வரியை எடுத்திருக்கலாம். முன்னுரிமை பற்றிய வரியிலும் கொஞ்சம் காரம் கூடிவிட்டது.

உன் கைபேசி எண் என்னிடம் இருக்கிறது. இரண்டு முறை எடுத்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு எந்தக் குரலில் ஹலோ சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். என் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டாய் என்றால் அதையாவது எழுது. அவருக்கு ஏதாவது என்றால் அதை முதலில் எழுது.

அண்ணன்


மார்ச் 5

அன்புள்ள அண்ணா,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. முதல் கடிதத்துக்கு நாலு முறை பதில் எழுதி நாலையும் கிழித்தேன். அவரிடம் கேட்காமல் எழுதக் கூடாத விஷயம். நேற்றுதான் "எழுதிக்கோ" என்றார்.

அவருக்குக் காது கேட்காது. இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதில் கருவி வைத்தால், நேரே நின்று பேசுவது ஓரளவு கேட்கும். இது நேற்று வந்ததல்ல. பத்தொன்பது வயதிலிருந்து லிஃப்ட் மோட்டார்கள் இரைகிற அறைகளில் நின்றவர். மெல்லிய கீச்சுச் சத்தங்கள்தான் முதலில் போகுமாம். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அவை போய்விட்டன. என்னிடமே ஆறு வருடம் மறைத்தார். உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டிருக்கிறார். மனுஷன் நம் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன் என்கிறாரே என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஒரு கட்டடத்தில் கூட வேலை செய்தவர் கீழேயிருந்து "நிறுத்து" என்று கத்தியது இவருக்குக் கேட்கவில்லை. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அத்துடன் வேலை முடிந்தது. அதிலிருந்து யார் வந்தாலும் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். பேசிச் சிரிக்கிற ஆட்கள் என்று அவருக்கு ஏழு காட்டை விட்டால் யார் இருந்தார்கள்? அதனால்தான் மறுபடி தொடங்கினேன். கைபேசியில் விளையாடலாம் என்று நர்ஸக்கா சொன்னபோது அவர் முகம் வெளுத்துப் போனது. கடிதத்தில் எல்லோருக்கும் ஒரே காதுதான், அண்ணா.

அன்றைக்குத் தம்ளர் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. உங்கள் நாலு பேர் முகமும் மாறியதைத்தான் பார்த்திருக்கிறார். "எல்லாருக்கும் என்னமோ கேட்டுச்சு, எனக்கு மட்டும் கேக்கலைன்னு தெரிஞ்சிடுமோன்னு பயந்துட்டேன். அதான் சட்டுனு கையைத் தூக்கிட்டேன்" என்றார். நூலானுக்கு அவர் எழுதிய அட்டையை இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். திறமை என்ற இடத்தில், 'எனக்குக் கேட்காததைக் கேட்டு வந்து சொல்லும்' என்று போட்டிருக்கிறார். இத்தனை வருடம் என் அலமாரியிலேயே இருந்திருக்கிறது.

இதனுடன் இன்னொரு தாளும் வைத்திருக்கிறேன். வைக்கலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். விதிப் புத்தகத்துக்கு நான் எழுதிக் கொடுத்து நீ திருத்திய மூலத் தாள். ஆறாவது விதியைப் பார். 'பிராணியின் குரலை முதலில் கேட்டவருக்கே அந்தப் பிராணி' என்றுதான் நான் எழுதியிருக்கிறேன். 'பிராணியின் குரலை' என்பதையும் 'அந்த' என்பதையும் அடித்துவிட்டு, ஓரத்தில் சிவப்பு மையில் 'கூறியது கூறல். நீக்குக. அ.பு.' என்று அரைப்புள்ளியாராகிய நீ போட்டிருக்கிறாய்.

நீ கோபித்துக்கொண்டு போன மறுநாளே அவர்தான் இதைக் கண்டெடுத்தார். உனக்கு அனுப்பப் போகிறேன் என்று குதித்தேன். "வேண்டாம். மச்சான் பெருமையா நினைக்கிறதே அந்த ஒரு வேலையைத்தான். அதுலயே தப்புப் பண்ணிட்டோம்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார். என்னைத் திருடன்னு நினைச்சுட்டுப் போறார், போகட்டும்" என்றார். அனுப்பவில்லை. இப்போது அனுப்புவது அவருக்குத் தெரியாது.

விதிகளை நீங்கள் ஐந்து பேரும் ஓட்டுப் போட்டு எடுக்கப் போகிறீர்கள். யோசனைத் தாளில் பெயரே இருக்கக் கூடாது என்கிறார் நர்ஸக்கா. "பேர் தெரிஞ்சா விதிக்கு ஓட்டுப் போட மாட்டோம், மூஞ்சிக்குத்தான் போடுவோம்" என்றார். நீ பெயர் கேட்டிருந்தாய். அதனால் உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தயக்கம். அவர், "வர்ற தாள்ல நான் பயப்படாம உக்கார்ற மாதிரி ஒண்ணு இருந்தா வரேன்" என்கிறார். அவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறார். இருபதாம் தேதியை மறந்துவிடாதே.

அன்புடன்,
தங்கை


மார்ச் 13

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் பத்தாம் தேதி வந்தது. அந்தத் தாள் மூன்று நாளாக என் மேசையில் இருக்கிறது. சிவப்பு மை பழுப்பேறிவிட்டது. குறி என்னுடையது அல்ல என்று சொல்ல வழி இருக்கிறதா என்று முதல் நாள் முழுக்கப் பார்த்தேன். இல்லை. அகரத்தின் சுழியை நான் அப்படித்தான் போடுவேன். ஐந்தாவது விதியில் குரல் என்று வந்துவிட்டதே, ஆறாவதில் எதற்கு என்று நினைத்திருக்கிறேன். சரியான காரணம், தவறான திருத்தம்.

இருபத்து மூன்று வருடமாகத் திருத்திய சட்டப் புத்தகங்களில் இப்படி எங்கெங்கே எதை எடுத்தேனோ என்று பயமாக இருக்கிறது. பழைய பதிப்புகளை இறக்கிப் புரட்டிக்கொண்டே இருக்கிறேன். பக்கத்து மேசைக்காரர், "என்ன சார், சாவியைத் தொலைச்சிட்டீங்களா?" என்கிறார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணத்தன்று நான் மாப்பிள்ளையிடம் என்ன சொன்னேன் என்று கேட்காதே என்றேன். நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். "மன்னிச்சுடுங்க மாப்பிள்ளை." இவ்வளவுதான். மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று மெதுவாகச் சொன்னேன். இடது பக்கம் நின்று சொன்னேன். காதில் விழுந்தும் திரும்பாத மனிதர் என்று அன்றைக்கு நினைத்தேன். அதற்குப் பிறகு அவர் என்ன செய்தாலும் அந்த நினைப்போடு சேர்த்தே படித்தேன்.

விதிகளைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஒட்டிய உறை, மூன்று விருப்பம், ஒரே நாளில் நர்ஸக்கா பிரிப்பது எல்லாம் இருக்கட்டும். போன ஆட்டத்தில் இழந்தவருக்கு முன்னுரிமை என்பதை எடுத்துவிட்டேன். அது விதியே இல்லை, என் வழக்கு. இரண்டு பேர் ஒரே பிராணியைக் கேட்டால், எதற்கு வேண்டும் என்று இருவரும் நாலு வரி எழுத வேண்டும். மற்றவர்கள் யார் எழுதியது என்று தெரியாமல் படித்துத் தீர்மானிக்கட்டும். அடுப்புப் பற்றவைக்கிறவர் ஜெயித்தால் ஜெயிக்கட்டும். பிராணி வருவதை நீ எழுத்தில் மட்டும் சொல்ல வேண்டும், எல்லோருக்கும் அதே வரிகள். பழைய ஆட்டத்தில் ஒருவர் வளர்த்த பிராணி அவரிடமே இருக்கலாம். அதை வேறு யாரும் விருப்ப வரிசையில் எழுதக் கூடாது. நூலான் அவரிடமே இருக்கட்டும். அதற்கு வேலை இருக்கிறது.

'முதலில்' என்ற சொல் என் தாளில் எங்கும் இல்லை. 'கேட்டவர்' என்பதும் இல்லை. அதற்குப் பொருள் விளக்கம் எழுதப் போய் மூன்று தாளைக் கசக்கினேன்.

ஒரு விதி மட்டும் புதிது. திருத்துகிறவர் ஒரு சொல்லை நீக்கினால், இன்னொருவர் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அது நீங்க வேண்டும். என் திட்டத்தில் அந்த இன்னொருவர் மாப்பிள்ளை. உதட்டைப் பார்த்தே ஆறு வருடம் உன்னை ஏமாற்றியவருக்கு, ஒரு வரியில் எது குறைகிறது என்று தெரியாமல் போகாது.

இந்தக் கடிதத்தை ஓட்டு முடிந்த பிறகுதான் அவரிடம் கொடு. முன்னால் கொடுத்தால் இரக்கப்பட்டு என் தாளுக்கு ஓட்டுப் போட்டுவிடுவார். அதைவிட அவர் வராமலே இருப்பது மேல். அவர் பயப்படாமல் உட்காருகிற விதியாக அது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோற்க வேண்டும். பதினெட்டாம் தேதிதான் இது உன் கைக்கு வரும். இரண்டு நாள்தான் இருக்கும். தாமதமானால் என் தாளைச் சேர்க்காதே. எனக்காகத் தேதியைத் தள்ளாதே.

பழக்க தோஷத்தில் விதித் தாளின் மூலையில் 'அ.பு.' என்று பேனா போய்விட்டது. அந்த மூலையைக் கத்தரித்திருக்கிறேன். தாள் கோணலாக இருக்கும். என் எழுத்தைப் பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும், அதனால் நீயே தட்டச்சு செய்து மற்றவற்றோடு கலந்து வை.

இந்தக் கடிதத்துக்கு அடியில் என்ன போடுவது என்று கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அவர் படிக்கப் போகிற கடிதம். அண்ணன் என்று போட்டால் உன்னோடு நின்றுவிடும். மச்சான் என்று போடலாமா வேண்டாமா என்பதை நான் முடிவு செய்ய முடியாது, அவர்தான் சொல்ல வேண்டும். நாலு மணிக்குத் தபால் பெட்டியைக் காலி செய்ய வந்துவிடுவார்கள். கையெழுத்துப் போடாமலே ஒட்டி, கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறேன்.